வாரநாள் மாலைக்குப் பூட்டுப் போடாதீர்கள்

பட்டுக்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள சிறு சபைகளிலும் சில ஆண்டுகளாக ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு ஜனம் வருகிறது, அது போதும். புதன்கிழமை மாலைக் கூட்டத்துக்கு ஆறு பேர், எட்டுப் பேர்தான் வருகிறார்கள், அதை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். சொல்பவர்கள் சபைமேல் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. போதகரின் களைப்பைப் பார்த்துச் சொல்கிறார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவர் நின்று பேசுவதைப் பார்க்கச் சகிக்காமல் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன், பெண்களுக்கு அடுப்படி வேலை, ஆண்களுக்கு உடம்பு அலுப்பு. வர முடியாதவர்களை ஏன் வாராவாரம் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்க வேண்டும் என்கிறார்கள். ஜெப விண்ணப்பம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது, வேதபாடம் யூடியூபில் கிடைக்கிறது, புதன்கிழமை கூடுங்கள் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்றும் கேட்கிறார்கள். இப்போது இதுவே பெரும்பான்மைக் கருத்து. மறுத்துப் பேசுகிறவர் பழைய வழக்கத்தைப் பிடித்துத் தொங்குகிறவர் என்று பெயர் எடுக்கிறார்.

நான் மறுக்கிறேன். முப்பது நாற்பது குடும்பம் மட்டுமே உள்ள ஒரு பாப்திஸ்து சபை, அதுவும் காவிரியின் கடைமடையில் இருக்கிற சபை, வாரநாள் மாலையை விட்டுவிட்டால் முதலில் தன் ஏழைகளை இழக்கும். அடுத்ததாக, தான் எதற்காகப் பாப்திஸ்து சபையாக இருக்கிறதோ அந்தக் காரணத்தையே இழக்கும்.

ஞாயிறு போதும் என்பவர்கள் யாருடைய ஞாயிற்றை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்? மாதச் சம்பளக்காரரின் ஞாயிறு அது. ஆசிரியர், வங்கி ஊழியர், அரசு அலுவலகத்தில் இருப்பவர், இவர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். கல்லணைக் கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது ஒரு விவசாயியின் முறை ஞாயிற்றுக்கிழமை வந்தால், அவர் மண்வெட்டியோடு மடையில்தான் நிற்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதே பெரும்பாடு. வந்த தண்ணீரை விட்டுவிட்டு ஆராதனைக்கு வா என்று எந்தப் போதகரும் சொல்ல முடியாது. நடவுக்கு ஆள் கிடைக்கிற நாளில் நட வேண்டும். அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்த நாளில் அறுக்க வேண்டும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டால், எடை போட்டுச் சாக்கில் ஏற்றும்வரை தார்ப்பாயோடு அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். தேங்காய் வெட்டு, மட்டை உரிப்பு, கயிறு ஆலை எதுவும் ஞாயிற்றைப் பார்ப்பதில்லை. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும். ஒன்பதரை மணி ஆராதனைக்கு மணி அடிக்கும்போது படகு வேலைக்குப் போன சகோதரர் மீனைப் பிரித்துக்கொண்டிருப்பார். அதை வாங்கி விற்கிற சகோதரிக்கு வாரத்திலேயே நல்ல வியாபாரம் ஞாயிறு காலைதான்.

இவர்கள் எல்லாம் சபையின் அங்கத்தினர்கள். ஞாயிறன்று வராததால் ஆர்வம் குறைந்தவர்கள் என்று எண்ணப்படுகிறார்கள். வாரநாள் மாலையையும் எடுத்துவிட்டால் இவர்களுக்குச் சபையில் மிச்சம் என்ன? கிறிஸ்துமஸ் ஆராதனையும் கல்யாண வீடும் துக்க வீடும்தான்.

இது புதிய சிக்கலும் அல்ல. ஆதிச் சபை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஞாயிறு ஒரு வேலை நாளாக இருந்த உலகத்தில்தான் கூடியது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வு நாளாகச் சட்டம் போட்டது கி.பி. 321-இல். அதற்கு முன்னால் அடிமைகளும் கூலிக்காரரும் கைவினைஞரும் வேலைக்கு முன்னாலோ வேலை முடிந்த பிறகோதான் ஒன்றுகூட முடிந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் துரோவாவில் நடக்கிற கூட்டம் ராத்திரிக் கூட்டம். மேல்வீட்டில் அநேகம் விளக்குகள் எரிகின்றன, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போகிறான். 12-ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்காக மாற்குவின் தாய் மரியாளின் வீட்டில் ஜனங்கள் ஜெபித்துக்கொண்டிருப்பதும் இரவில்தான். வேதத்தில் புதன்கிழமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வேலை முடிந்து வந்த ஜனங்கள் இரவில் விளக்கு வைத்துக் கூடியது தெளிவாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கான்ஸ்டன்டைனின் அந்தச் சட்டமே பட்டணத்தாருக்கும் நீதிபதிகளுக்கும் தொழில் செய்வோருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு வைத்தது. விதைப்புக்குரிய நாள் தப்பிப் போகக் கூடாது என்று காரணமும் சொன்னது. ஞாயிற்று ஓய்வு பிறந்த நாளிலேயே உழவன் அதற்கு வெளியேதான் நின்றான். தஞ்சை மண்ணில் இன்றும் அங்கேதான் நிற்கிறான்.

இரண்டாவது இழப்பைப் பற்றிச் சபைகளில் யாரும் பேசுவதே இல்லை. எங்களுக்குப் பேராயர் கிடையாது, திருமண்டலம் கிடையாது. போதகரை அழைப்பது, ஞானஸ்நானத்துக்கு வருபவரின் சாட்சியைக் கேட்டு ஏற்பது, பணத்துக்குக் கணக்குக் கேட்பது, தவறினவரைத் திருத்துவது எல்லாம் அங்கத்தினர்கள் கூடிச் செய்ய வேண்டிய காரியங்கள். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஆங்கிலேயர்களிடம் தொடங்கி 1612-இல் லண்டனுக்கு வந்த இந்த வழிக்கு ஆதாரமே, சாதாரண விசுவாசிக்கும் வாய் உண்டு, பொறுப்பு உண்டு என்பதுதான். ஞாயிறு ஆராதனையில் அந்த வாய் எப்போது திறக்கிறது? பாட்டுப் பாடுகிறோம், பிரசங்கம் கேட்கிறோம், காணிக்கை போடுகிறோம், ஆமென் சொல்கிறோம். முன்னால் நிற்பவர் மூன்று நான்கு பேர். மற்றவர்கள் கேட்பவர்கள். ஞாயிறு அப்படித்தான் இருக்க முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரத்தின் ஏழு நாளும் அப்படியே ஆகிவிட்டால், அங்கத்தினர்கள் ஆளுகிற சபை என்பது பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

ஒரு பெண் முதன்முதலாகச் சபை நடுவில் வாய்விட்டு ஜெபிப்பது வாரநாள் கூட்டத்தில்தான். பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருக்கும்போது, அடுத்து நீங்கள் ஜெபியுங்கள் அக்கா என்று யாராவது சொன்னால், குரல் நடுங்கினாலும் அவர் ஜெபித்துவிடுவார். நூறு பேர் முன்னால் மைக்கில் அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், எழுந்திருக்கவே மாட்டார். வேதத்தில் புரியாததை ஒரு வாலிபன் கேட்பதும் அங்கேதான். ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் கை தூக்கிக் கேள்வி கேட்க முடியுமா? நாளைய டீக்கன், நாளைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, நாளைய போதகர் எல்லாரும் முதலில் பேசிப் பழகுகிற இடம் இந்தச் சிறிய மாலைக் கூட்டம். அதை மூடிவிட்டு, சபையில் பொறுப்பெடுக்க ஆள் இல்லை என்று பத்து வருடம் கழித்து வருத்தப்படுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆறு பேர், எட்டுப் பேர் என்று எண்ணிச் சொல்கிறார்களே, அதற்கு வருகிறேன். எண்ணிக்கை எங்களைப் போன்றவர்களின் சரித்திரத்தில் ஒருபோதும் தீர்ப்பாக இருந்ததில்லை. 1784-இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்துச் சிறு பாப்திஸ்து சபைகள் கூடியபோது, ஓல்னி ஊர்ப் போதகர் ஜான் சட்க்ளிஃப் ஒரு யோசனை வைத்தார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலை எல்லாச் சபைகளும் ஜெபத்துக்காகக் கூட வேண்டும். தங்கள் சபைக்காக மட்டும் அல்ல, சுவிசேஷம் உலகமெங்கும் போய்ச் சேர வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதே அந்த யோசனை. திங்கள் என்பது வேலை நாள். கூடியவர்கள் பெரும்பாலும் சிற்றூர்க்காரர்கள். அதே ஓல்னி சபைதான் செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி என்ற வாலிபனின் பிரசங்கத்தைக் கேட்டு, உடனே சம்மதம் தராமல், காத்திருக்கச் சொல்லி, 1786-இல் ஊழியத்துக்கு அனுப்பியது. நிறுத்துப் பார்த்தது பேராயர் அல்ல, சபையின் அங்கத்தினர்கள். எட்டு ஆண்டுகள் அந்தத் திங்கள் மாலைகள் தொடர்ந்த பிறகு, 1792 அக்டோபர் 2, செவ்வாய்க்கிழமை மாலை, கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் ஒரு சிறு கூட்டம் கூடி பாப்திஸ்து மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியது. அன்று வாக்களிக்கப்பட்ட பணம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். அடுத்த ஆண்டே கேரி வங்காளத்தில் இறங்கினார். இந்தியாவில் பாப்திஸ்து என்ற பெயரே ஒரு வாரநாள் மாலையில் முளைத்தது என்று சொன்னால் அது மிகை அல்ல.

1857 செப்டம்பர் 23, புதன்கிழமை, நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்ற சாதாரண விசுவாசி மத்தியான ஜெபத்துக்கு அழைப்பு வைத்து, முதல் அரை மணி நேரம் தனியாகவே இருந்தார். கடைசியில் வந்தவர்கள் ஆறு பேர். சில மாதங்களில் அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் தினமும் ஜெபத்துக்குக் கூடினார்கள். நம்முடைய ஆறு பேரும் ஆயிரமாகப் பெருகுவார்கள் என்று வாக்குக் கொடுக்க நான் இதைச் சொல்லவில்லை, பெருகாமலே போகலாம். ஆறு பேர் என்பது ஒரு கூட்டத்தை மூடப் போதுமான காரணம் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம், நம் ஜனங்களுக்கு ஒத்துவராது என்றும் ஒரு குரல் வருகிறது. திருநெல்வேலிச் சீமையின் பழைய சபைகளைப் பாருங்கள். உபதேசியார் தினமும் காலையும் மாலையும் மணி அடித்து ஜெபம் நடத்துவது அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஊர் வழக்கம். பனைத் தொழிலாளிகள் வேலை முடித்து வந்து மாலை ஜெபத்தில் உட்கார்ந்தார்கள். நம் ஊரையே பாருங்கள். சாயங்காலம் கோயிலில் தீபாராதனை நடக்கிறது. அதிராம்பட்டினத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு மாலைத் தொழுகைக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் கடவுளை நினைப்பது இந்த மண்ணில் எல்லா மதத்தாரிடமும் ஊறிய பழக்கம். வாரத்தில் ஒரு நாள் காலை மட்டும் கும்பிட்டுவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதுதான் இங்கே வெளியிலிருந்து வந்த வழக்கம்.

கைப்பேசி வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் எங்கள் சபைகளில் உண்டு. அவர்களுக்கு வாட்ஸ்அப் குழுதான் சபையோடு இருக்கிற தொடர்பு. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு யூடியூப் பிரசங்கம் பெரிய ஆறுதல். ஆனால் மாலைக் கூட்டத்துக்கு அது மாற்று என்பதை ஏற்க முடியாது. நுண்கடன் தவணை கட்ட முடியாமல் தவிக்கிற ஒரு தாய், எண்பது பேர் இருக்கிற குழுவில் அதை எழுத மாட்டார். எழுதினால் அது எந்தெந்தக் கைப்பேசிக்கு ஃபார்வர்டு ஆகும் என்று அவருக்குத் தெரியும். மகன் குடிக்கிறான் என்பதையும் மகளை மாமியார் வீட்டில் அடிக்கிறார்கள் என்பதையும் எழுத மாட்டார். நம்பிக்கையான நாலு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்து செருப்புப் போடுகிற நேரத்தில் சொல்வார். இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் வரும் வழி அது ஒன்றுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. கரண்ட் போனது, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் குழுவும் இல்லை, யூடியூபும் இல்லை. எந்த வீட்டுக் கூரை போயிற்று, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் தனியாக இருக்கிற விதவை என்பது ஏற்கெனவே ஒருவர் வீட்டை ஒருவர் அறிந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவு புயல் அடித்த பிறகு சேர்க்கக் கூடியதல்ல. மாலை மாலையாகக் கூடிக் கூடிச் சேர வேண்டியது. கொரோனாக் காலத்தில் நடந்ததும் நினைவில் இருக்கும். 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தன. 2022 ஜனவரியிலும் அப்படியே. ஞாயிறு மட்டுமே இருந்த சபைக்கு அந்த வாரங்களில் ஒன்றுகூட வழியே இல்லை. வாரநாள் மாலை இருந்த சபைக்கு மற்ற நாட்கள் திறந்திருந்தன.

வீட்டுக் குழுக்கள் போதும் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் சற்றுக் கடுமையானது. நம் கிராமங்களில் வீடு என்றால் தெரு, தெரு என்றால் சாதி. தெருவுக்குத் தெரு ஜெபக் குழு அமைத்தால் அந்தந்தச் சாதி அந்தந்த வீட்டில் கூடும், சபை என்ற பெயரில் பழைய சுவர் அப்படியே நிற்கும். இது கற்பனைப் பயம் அல்ல. தஞ்சாவூர்ச் சபை இதே கல்லில் இடறியது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். பெத்லகேம் குறவஞ்சி எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே, இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்தவரே, சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதினார் என்பது நமக்கு வலிக்கிற உண்மை. இருநூறு ஆண்டு ஆகப் போகிறது. ஞாயிறன்று நாற்காலியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஆராதித்துவிட்டுப் போய்விடலாம். வாரநாள் மாலையில் பத்துப் பேர் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்து டீயைக் குடித்து, ஒருவர் பெயரைச் சொல்லி ஒருவர் ஜெபிக்கும்போது தள்ளி உட்கார இடம் இல்லை. வீட்டு ஜெபம் நடக்கட்டும், நல்லதுதான். அது பொதுக் கூட்டத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்த்தரப்பார் ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி என்றும் சொல்ல வேண்டும். இப்போது பல சபைகளில் நடக்கிற மாலைக் கூட்டத்துக்கு ஜனம் வராததற்குக் காரணம் இருக்கிறது. அது ஞாயிறு ஆராதனையின் மெலிந்த நகல். ஏழு மணி என்று அறிவித்து ஏழரைக்குத் தொடங்குகிறது. அரைமணி நேரம் கீபோர்டு, பிறகு முக்கால் மணி நேரப் பிரசங்கம், பிறகு போதகர் ஒருவரே எல்லாருக்காகவும் ஜெபிக்கிறார், ஒன்பது மணிக்கு முடிகிறது. கடைசி டவுன் பஸ் போய்விட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸே இல்லாத நேரத்தில் கூட்டத்தை முடித்தால் அந்தச் சலுகையால் யாருக்கு லாபம்? இதற்கு மருந்து பூட்டு அல்ல, திட்டம்.

முதலில் கிழமை. புதன் என்பதைப் பரிசுத்தமாக்கியது யார்? சட்க்ளிஃப் திங்களில் வைத்தார். லண்டன் மெட்ரோபாலிட்டன் டேபர்னகிளில் ஸ்பர்ஜன் திங்கள் மாலை ஜெபக் கூட்டமும் வியாழன் மாலை பிரசங்கமும் வைத்திருந்தார். பாப்திஸ்து நினைவிலேயே புதனுக்குத் தனி உரிமை இல்லை. நமக்கோ புதன் படகு போகிற நாள். அன்று கூட்டம் வைத்தால் படகுக்குப் போகிற குடும்பத்து ஆண்களைத் தவிர்த்துவிட்டோம் என்று அர்த்தம். வியாழன் காலை கரை சேர்ந்தவர்கள் வியாழன் மாலை வீட்டில் இருப்பார்கள். வெள்ளியில் பல சபைகளில் உபவாச ஜெபம் இருக்கிறது. ஆகையால் கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கிற சபைக்கு வியாழன் பொருந்தும். உள்ளூர்ச் சந்தை நாள், தேங்காய் லாரி வருகிற நாள், மகளிர் குழுக் கூட்ட நாள் இவற்றைக் கேட்டுக்கொண்டு வேறு கிழமைகூட வைக்கலாம். கேட்காமல் வைக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுக் குடும்பத்து ஆண்கள் கரையில்தான் இருக்கிறார்கள். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் அவர்களைத் தேடிப் போய் அழைத்து வராத சபை வேறு எப்போது அழைத்து வரப் போகிறது?

நேரம் ஏழு மணி. இருப்பவர்களை வைத்து ஏழுக்கே தொடங்க வேண்டும். எட்டுக்கு முடித்துவிட வேண்டும், பாட்டு பாதியில் நின்றாலும். வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் திரும்ப வர மாட்டார்கள். ஆகவே நேராகச் சபைக்கு வரலாம் என்று ஆறரைக்கே கதவு திறந்திருக்க வேண்டும். சுக்குக் காப்பியும் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலும் இருந்தால் நாள் முழுக்க வெயிலில் குனிந்து நட்டு வந்தவர்களுக்கு உட்காரத் தெம்பு வரும். இந்தச் செலவை முறைபோட்டு வீடுகள் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து பின்னால் உட்கார்ந்து எழுதட்டும். டியூஷன் இருக்கிறது என்பதால் தாயும் பிள்ளையும் இருவரும் வராமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

மைக் வேண்டாம். பதினைந்து பேருக்கு எதற்கு ஒலிபெருக்கி? வெளியில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் வைக்கிறார்கள். அது அக்கம்பக்கத்தாரோடு நமக்குத் தேவையில்லாத மனத்தாங்கலைத்தான் கொண்டுவருகிறது. கீபோர்டு வாசிக்கிற தம்பி வராவிட்டால் கைத்தாளம் போதும். நம் கீர்த்தனைகள் கைத்தாளத்துக்கும் தொண்டைக்கும் ஏற்றவை.

வேதம் வாசிப்பதற்கு ஒரே புத்தகத்தை எடுத்து வாரம் ஓர் அதிகாரம் போவது நல்லது. தை அறுவடைச் சமயத்தில் ரூத் புத்தகம் எடுத்தால் நான்கு வாரத்தில் முடியும். கதிர் பொறுக்குகிற விதவையின் கதையை எங்கள் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம், அவர்களே நமக்கு விளக்குவார்கள். அதிகாரத்தைப் போதகர் வாசிக்க வேண்டாம். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளை எழுந்து வந்து வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிகள் கேட்கட்டும். பதினைந்து நிமிடம் விளக்கம், கேள்விக்கு இடம். பிறகு மீதி நேரம் முழுவதும் ஜெபம், ஜனங்களின் ஜெபம். ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, பெயர், காரியம் எழுதி, அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்க வேண்டும். போன வாரம் ஆபரேஷன் என்று எழுதினோமே, அந்தப் பெரியம்மா எப்படி இருக்கிறார் என்ற கேள்வியோடு தொடங்குகிற கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது கடினம். அந்த நோட்டைப் படம் எடுத்து எங்கேயும் அனுப்பக் கூடாது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சம்பா நடவு உச்சத்தில் இருக்கிற இரண்டு வாரம், கொள்முதல் நிலையத்தில் நெல் காத்துக் கிடக்கிற நாட்கள், ஐப்பசி கார்த்திகை மழை, பொதுத்தேர்வு மாதம், இவை வரும் என்று வருடத் தொடக்கத்திலேயே தெரியும். அப்போது கூட்டத்தை ரத்துச் செய்ய வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். நெல் காவலில் இருக்கிறவர்களிடம் நாலு பேர் போய்த் தார்ப்பாயில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டு வந்தால் அதுவும் அந்த வாரத்துச் சபைக் கூட்டம்தான். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் நீர்வளத்துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. விவசாயி ஒரு திட்டம் வைத்திருக்கிறார். சபை மட்டும் ஆண்டு முழுவதற்கும் ஒரே அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பது சரியல்ல.

போதகரின் களைப்பு உண்மை. சிறு சபைப் போதகர்கள் பலர் குடும்பத்துக்காக வேறு வேலையும் பார்க்கிறார்கள். அவரிடம் வாரத்துக்கு இரண்டாவது ஒரு பிரசங்கத்தைக் கேட்பது கொடுமை. நான் சொல்கிற கூட்டத்தில் அவர் பதினைந்து நிமிடம் பேசினால் போதும். மாதத்தில் இரண்டு வாரம் அதையும் ஒரு டீக்கனோ ஒரு சகோதரியோ செய்யலாம், அவர் கீழே உட்கார்ந்து கேட்கலாம். தனக்காகச் சபையார் வாய்விட்டு ஜெபிப்பதை வாரத்தில் ஒரு நாளாவது காதால் கேட்கிற போதகர் எளிதில் சோர்ந்துபோக மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் மீதி இருக்கிறது. நிறுத்துவதா வேண்டாமா என்று அங்கத்தினர்கள் கூடி முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைக்காதீர்கள். மடையில் நிற்பவரும் மீன் விற்கப் போனவரும் நெல்லுக்குக் காவல் இருப்பவரும் இல்லாத நேரத்தில் எடுக்கிற முடிவு சபையின் முடிவு ஆகாது. வியாழன் மாலை ஏழு மணிக்கு வையுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்.